மறு: பாசிவேஷன் – 'செயலிழக்கச் செய்தல்' வேண்டாம், 'ஆற்றல்வடிப்பு' பாருங்கள்

நண்பர்களுக்கு வணக்கம்.

விண்வெளிக் குப்பையா, விண்வெளிச் சிதிலமா என்று நம் கலைச்சொல் குழுவில் தொடங்கிய இழை சுற்றிச் சுற்றி 'பாசிவேஷன்' என்ற சொல்லில் வந்து முட்டி நிற்கிறது. வேலை முடிந்த ராக்கெட் பகுதியிலும் செயற்கைக்கோளிலும் மிஞ்சிய உந்துபொருள், அழுத்தம், மின்னேற்றம் போன்றவற்றைத் தீர்த்து, பிற்பாடு வெடிக்காமல் செய்வதற்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர். நல்ல இடத்தில்தான் முட்டியிருக்கிறது. குப்பையைப் பற்றித் தமிழில் எழுதாதவர் இல்லை. அந்தக் குப்பை உண்டாகாமல் தடுக்கிற வேலைகளில் முக்கியமான ஒன்றுக்கு நம்மிடம் பெயரே இல்லை.

இதுவரை வந்த பரிந்துரைகள்: செயலிழக்கச் செய்தல், முடக்கம், அமைதியாக்கம், தணிப்பு, அவித்தல், ஆற்றல் நீக்கம். ஒவ்வொன்றைப் பற்றியும் என் கருத்தைச் சொல்கிறேன். அதற்கு முன் அந்த வேலை என்ன என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. பரிந்துரைகளில் பாதி ஆங்கிலச் சொல்லைப் பார்த்துச் செய்தவை போலத் தெரிகின்றன. வேலையைப் பார்த்துச் செய்தால் சொல் வேறு மாதிரி வரும்.

ராக்கெட் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பல பகுதிகள், ஒவ்வொன்றும் ஒரு 'நிலை'. ஒரு செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் விட்டதும் ராக்கெட்டின் கடைசி நிலைக்கு வேலை முடிந்துவிடுகிறது. ஆனால் அதுவும் ஏறக்குறைய அதே பாதையில், வினாடிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அதன் தொட்டிகளில் கொஞ்சம் உந்துபொருள் மிஞ்சும். கடைசிச் சொட்டு வரை எரித்துத் தீர்க்கும்படி யாரும் கணக்குப் போடுவதில்லை. கீழ்நிலைகள் எதிர்பார்த்ததைவிடச் சற்றுக் குறைவாக உந்திவிட்டால் ஈடுகட்டக் கையிருப்பு வேண்டும் அல்லவா? இது போக, தொட்டிக்குள் அழுத்தம் தருவதற்கு ஹீலியம் இருக்கும். கருவிகளுக்கு மின்கலம் இருக்கும்.

பல மேல்நிலைகளில் எரிபொருளும், அது எரிய ஆக்சிஜன் தரும் ஆக்சிஜனேற்றியும் ஒன்றையொன்று தொட்டாலே பற்றிக்கொள்ளும் வகை. (மேல்நிலை என்றதும் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல. அந்தச் சொல்லை இன்னொரு இழையில் வைத்துக்கொள்வோம்.) தீப்பொறியே தேவையில்லை என்பதால் விண்வெளியில் எஞ்சினை நிறுத்தி மறுபடி கிளப்ப இது வசதி. சில வடிவமைப்புகளில் இந்த இரண்டு திரவங்களுக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு பொதுச் சுவர். இப்போது அந்த நிலை 800 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது என்று வையுங்கள். ஒரு சுற்றுக்கு நூறு நிமிடம் ஆகும். பெரும்பாலான பாதைகளில் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை வெயில், ஒருமுறை பூமியின் நிழல். நாளைக்குப் பதினான்கு தடவை சூடேறிக் குளிர்கிறது. ஆண்டுக்கு 5,000 தடவைக்கு மேல். உலோகம் விரிந்து சுருங்கி, பற்றவைத்த இடம் தளர்ந்து, ஒருநாள் சுவர் விட்டுவிடும். அல்லது வால்வு கசியும். அல்லது சூட்டில் அழுத்தம் ஏறித் தொட்டியே பிளக்கும். இது ஏவிய சில மணி நேரத்திலும் நடக்கலாம், இருபது ஆண்டு கழித்தும் நடக்கலாம்.

நடந்தும் இருக்கிறது. 1961 ஜூன் 29 அன்று டிரான்சிட் 4ஏ செயற்கைக்கோளைக் கொண்டுபோன ஏபிள்ஸ்டார் நிலை, ஏவிய அன்றே வெடித்தது. முந்நூறு அளவில் துண்டுகள். அதுவரை விண்வெளியில் கண்காணிக்கப்பட்ட எல்லாப் பொருள்களையும் கூட்டினாலும் அவ்வளவு வராது. 1970களில் டெல்டா ராக்கெட்டின் இரண்டாம் நிலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. மிஞ்சிய உந்துபொருள்தான் காரணம் என்று தெரிந்த பிறகு, வேலை முடிந்ததும் எஞ்சினை மறுபடி ஓட்டி அதைத் தீர்த்துவிடும் வழக்கம் வந்தது.

எனக்கு இதில் மறக்க முடியாத கதை ஸ்பாட்-1 என்ற செயற்கைக்கோளுடையது. 1986 பிப்ரவரியில் ஏரியன் ராக்கெட் ஒன்று அந்தச் செயற்கைக்கோளை ஒழுங்காகக் கொண்டுபோய் விட்டது. எல்லோரும் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். ராக்கெட்டின் மூன்றாம் நிலை மட்டும் மேலே சுற்றிக்கொண்டிருந்தது. ஒன்பது மாதம் கழித்து, நவம்பர் 13 அன்று, யாரும் தொடாமலே வெடித்துச் சிதறியது. கண்காணிக்கக்கூடிய அளவில் மட்டும் ஐந்நூறுக்கு நெருக்கமான துண்டுகள். சரி, வெடித்தது வெடித்துவிட்டது, அவ்வளவுதானே என்று தோன்றும். பத்தாண்டு கழித்து, 1996 ஜூலை 24 அன்று, செரீஸ் என்ற சுமார் 50 கிலோ எடையுள்ள பிரெஞ்சுச் செயற்கைக்கோள் திடீரென்று நிலைகுலைந்து உருண்டது. அதை நிமிர்த்தி வைத்திருந்த ஆறு மீட்டர் நீளக் கம்பம் முறிந்திருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால், மோதியது 1986இல் வெடித்த அதே ஏரியன் நிலையின் துண்டு. மோதிய வேகம் வினாடிக்குக் கிட்டத்தட்ட 15 கிலோமீட்டர். விண்வெளிப் பொருள்களின் கண்காணிப்புப் பட்டியலில் உள்ள இரண்டு பொருள்கள் தற்செயலாக மோதியது உறுதிப்பட்டது அதுவே முதல் முறை. முறிந்த கம்பமும் தனி எண் பெற்றுக் குப்பைப் பட்டியலில் சேர்ந்துகொண்டது. ஒரு தொட்டியைக் காலி செய்யாமல் விட்டதன் பலன் பத்தாண்டு கழித்து, அந்த ஏவுதலில் பங்கில்லாத இன்னொரு செயற்கைக்கோளின் தலையில் விடிந்தது. நான் இந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு அதுதான் காரணம்.

இஸ்ரோவின் பிஎஸ்எல்வி ராக்கெட்டும் விதிவிலக்கல்ல. 2001 அக்டோபரில் பறந்த பிஎஸ்எல்வி-சி3இன் நான்காம் நிலை, அந்த டிசம்பரில் வெடித்து முந்நூறுக்கும் மேற்பட்ட துண்டுகளானது. அதற்குப் பிறகு இஸ்ரோவும் இந்த வேலையைத் தன் ஏவுதல்களில் சேர்த்துக்கொண்டது.

எந்த வேலை? மிஞ்சிய உந்துபொருளை வெளியே விடுவது. ஹீலியம் தொட்டியின் அழுத்தத்தை இறக்குவது. மின்கலத்தைத் தீர்த்து, அது மறுபடி மின்னேற்றம் பெறாதபடி துண்டிப்பது. திசையை நிலைநிறுத்த வேகமாகச் சுழலும் சக்கரங்களை நிறுத்துவது. ராக்கெட் வழிதவறினால் அதை அழிப்பதற்காக வைத்த கருவியைச் செயல்படாமல் ஆக்குவது. ஐ.நா. பொதுச்சபை 2007இல் ஏற்றுக்கொண்ட குப்பைத் தணிப்பு வழிகாட்டு நெறிகளில் ஐந்தாவது இதைப் பற்றியதுதான். அது சொல்வது சேமித்து வைத்த ஆற்றலால் பிற்பாடு வெடிக்கும் வாய்ப்பைக் குறைக்க வேண்டும் என்பது. ஆற்றல் என்ற சொல் அங்கேயே இருக்கிறது, கவனியுங்கள்.

இனிப் பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

> 'செயலிழக்கச் செய்தல்' எல்லோருக்கும் தெரிந்தது. வெடிகுண்டு விஷயத்தில் நாளிதழ்களில் தினமும் வருகிறது. புதுச்சொல் எதற்கு?

ஐயா, அந்தச் சொல் வெடிகுண்டுக்குச் சரி. குண்டு செயல்பட்டால்தான் வெடிக்கும். இங்கே சிக்கலே வேறு. நோவா-16 என்ற வானிலைச் செயற்கைக்கோளை 2014 ஜூனில் பணியிலிருந்து விடுவித்துவிட்டார்கள். நம் வழக்கில் அது 'செயலிழந்த செயற்கைக்கோள்'. 2015 நவம்பரில் அது துண்டு துண்டாகச் சிதறியது. இப்போது ஒரு செய்தியாளர் எழுதப் பார்க்கட்டும்: "செயலிழந்த செயற்கைக்கோளைச் செயலிழக்கச் செய்யாததால்..." வாசகர் அந்த வரியிலேயே தடுக்கி விழுவார். செயலிழந்தது என்பதும் ஆபத்து தீர்ந்தது என்பதும் ஒன்றல்ல என்று மக்களுக்குச் சொல்வதுதான் இந்தச் சொல்லின் வேலையே. அந்த வேறுபாட்டை அழிக்கிற சொல்லை நாமே எப்படி வைப்பது?

'முடக்கம்' அதே காரணத்தால் அடிபடுகிறது. போதாக்குறைக்கு வங்கிக் கணக்கு முடக்கம், இணைய முடக்கம் என்று ஊரெல்லாம் அலைகிறது. 'அமைதியாக்கம்' ஆங்கிலச் சொல்லின் நிழல். ராக்கெட் நிலையைத் தட்டித் தூங்கவைப்பது போல இருக்கிறது, மன்னிக்கவும். 'தணிப்பு' நல்ல சொல், ஆனால் கை நிறைய வேலை வைத்திருக்கிறது. பருவநிலைத் தணிப்பு, பேரிடர்த் தணிப்பு, ஏன், குப்பைத் தணிப்பு என்றே மேலே எழுதியிருக்கிறேன். அந்தப் பெரிய வேலையின் ஓர் உறுப்புதான் நாம் தேடுவது. முழுமைக்கும் உறுப்புக்கும் ஒரே பெயர் கூடாது.

'அவித்தல்' பரிந்துரைத்தவருக்கு ஒரு வணக்கம். விளக்கை அவித்தல், தீயை அவித்தல் என்று பழைய அழகான ஆட்சி. ஆனால் இன்று அந்தச் சொல் முழுக்கச் சமையலறைக்குக் குடிபோய்விட்டது. மேலும் இங்கே எரிந்துகொண்டிருப்பது எதையும் அணைக்கவில்லை. எரியாமல் உள்ளே இருப்பதை வெளியே விடுகிறோம்.

> எங்கள் வேதியியல் பாடத்தில் பாசிவேஷன் என்றால் உலோகத்தின் மேல் ஆக்சைடுப் படலம் உண்டாகி அரிப்பைத் தடுப்பது. ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல் இருந்தால்தானே மாணவர்கள் குழம்பமாட்டார்கள்?

அம்மா, எனக்கு இதில் நேர் எதிரான கருத்து. துருப்பிடிக்காத எஃகில் உள்ள குரோமியம் ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்லிய படலமாகி உள்ளே இருப்பதைக் காக்கிறது. அங்கே வெளியிலிருந்து ஒன்று வந்து மூடுகிறது. இங்கே உள்ளே இருப்பது வெளியே போகிறது. இரண்டு வேலைக்கும் ஆங்கிலத்தில் ஒரே பெயர் அமைந்தது அவர்கள் பாடு. தமிழ் மாணவருக்கு இரண்டையும் பிரித்துக் காட்ட வாய்ப்பு கிடைக்கும்போது நாமே போய் ஏன் ஒட்டவைக்க வேண்டும்? வேதியியலில் புழங்குவது வேதியியலிலேயே இருக்கட்டும்.

மிச்சம் இருப்பது 'ஆற்றல் நீக்கம்'. இதுதான் உண்மையான போட்டி. பொருள் தெளிவு, யாருக்கும் புரியும். என் தயக்கம் ஒன்றே ஒன்று. மேலே இருக்கும் பெரிய துண்டுகளைத் தேடிப்போய்ப் பிடித்துக் கீழே கொண்டுவரும் முயற்சிக்கு 'குப்பை நீக்கம்' என்றுதான் எல்லோரும் எழுதுகிறோம். அந்தத் தொழில்நுட்பம் இப்போதுதான் தவழ்கிறது. ஜப்பானைச் சேர்ந்த ஆஸ்ட்ரோஸ்கேல் நிறுவனத்தின் கலம் 2024இல் ஒரு பழைய எச்-2ஏ ராக்கெட் நிலைக்கு மிக அருகே போய்ப் படமெடுத்தது. போய்ப் பார்ப்பதற்கே அவ்வளவு பாடு. நாம் பேசும் வேலையோ அந்த நிலை கையில் இருக்கும்போதே, கட்டளைக்குக் கட்டுப்படும்போதே முடிப்பது. இந்த இரண்டும் ஒரே பத்தியில் அடிக்கடி வரும். "குப்பை நீக்கத்தைவிட ஆற்றல் நீக்கம் மலிவு" என்று எழுதினால், வேகமாகப் படிப்பவர் இரண்டு 'நீக்க'த்தையும் ஒன்றாகப் போட்டுக்கொள்வார்.

ஆகவே என் முன்மொழிவு: ஆற்றல்வடிப்பு. வினை, ஆற்றல் வடித்தல். ஆற்றல் வடித்த நிலை, ஆற்றல் வடிக்காத நிலை. பேச்சு சூடு பிடித்த பிறகு 'ஆற்றல்' கூட வேண்டியதில்லை. வடித்தாயிற்றா, இல்லையா என்றால் போதும். கலைச்சொல் என்பது பெயராக மட்டும் நின்றுவிடாமல் வினையாகவும் எதிர்மறையாகவும் புழங்க வேண்டும் என்பது என் நெடுநாள் பிடிவாதம், இந்தக் குழுவில் பழையவர்களுக்குத் தெரியும்.

ஒரு மெய்யான நிகழ்வில் வைத்துப் பார்ப்போம். 2024 ஜனவரி 1 அன்று பிஎஸ்எல்வி-சி58, எக்ஸ்போசாட் செயற்கைக்கோளை 650 கிலோமீட்டர் உயரத்தில் விட்டது. அப்புறம் நான்காம் நிலையின் எஞ்சினை மறுபடி இயக்கி, அதை 350 கிலோமீட்டருக்கு இறக்கினார்கள். அதன்பின் மிஞ்சிய ஆக்சிஜனேற்றியை எஞ்சின் வழியாகவே முதலில் வெளியேற்றினார்கள், அடுத்து எரிபொருளை. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் பற்றிக்கொள்ளும், அதனால்தான் ஒன்று முடிந்து மற்றது. அந்த நிலை ஆய்வுத் தளமாகவும் கொஞ்ச நாள் பயன்பட்டு, மார்ச் 21 அன்று வட பசிபிக் பகுதியில் காற்றுமண்டலத்துக்குள் நுழைந்தது. இதை நாளிதழ் நடையில் எழுதினால்: "செயற்கைக்கோளைப் பிரித்த பின் நான்காம் நிலை 350 கிலோமீட்டருக்கு இறக்கப்பட்டு, ஆற்றல் வடிக்கப்பட்டது." எனக்கு எங்கேயும் இடறவில்லை.

> 'வடித்தல்' என்றால் சிலை வடித்தல், கவிதை வடித்தல் என்றுதான் தோன்றுகிறது. ஆற்றலுக்கு உருவம் கொடுக்கிறீர்களா?

முன்னோட்டமாக இதை ஒரு நண்பருக்கு அனுப்பியபோது வந்த கேள்வி. நியாயம்தான். ஆனால் வெள்ளம் வடிந்தது என்கிறோம், வீக்கம் வடிந்தது என்கிறோம். வீக்கத்தில் திரவம் மட்டுமா இறங்குகிறது? அழுத்தமும் இறங்குகிறது. உள்ளே கட்டிநின்ற ஒன்று மெல்ல இறங்கி ஆபத்தில்லாமல் ஆவதை 'வடி' என்ற ஒரே வினை சொல்லிவிடுகிறது. உந்துபொருளும் ஹீலியமும் மின்னேற்றமும் அதில் அடங்கும். முன்னால் 'ஆற்றல்' நிற்பதால் சிலைக்கும் கவிதைக்கும் அங்கே இடமில்லை.

> சுழலும் சக்கரத்தை எப்படி வடிப்பது? அழிப்புக் கருவியை எப்படி வடிப்பது?

சக்கரத்தில் இருப்பதும் ஆற்றல்தான், இயக்க ஆற்றல். வேகம் இறங்கி நிற்கிறது. அழிப்புக் கருவிக்குப் பொருந்தாது, ஒத்துக்கொள்கிறேன். அங்கே நடப்பது துண்டிப்பு. ஐந்து வேலையில் நான்குக்குப் பொருந்தினால் எனக்குப் போதும்.

இதைவிடக் கூர்மையான மறுப்பு ஒன்று அச்சுத்துறை நண்பரிடமிருந்து வந்தது. வடிப்புக்கும் வெடிப்புக்கும் இடையே ஒரே ஓர் ஒற்றைக்கொம்புதான் வேறுபாடு. ஒரு தட்டச்சுப் பிழையில் பொருள் தலைகீழாகிவிடும் என்றார். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 'ஆற்றல் வெடிப்பு' என்று தலைப்பில் வந்துவிட்டால் கேலிக்கூத்துதான். ஆனால் வினைவடிவில் அந்தப் பிழை தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். வடி என்பதற்குச் செயப்பாட்டுவினை இயல்பாக வரும்: வடிக்கப்பட்டது. வெடி அப்படி வராது. வெடித்தது, அல்லது வெடிக்க வைக்கப்பட்டது. 'ஆற்றல் வெடிக்கப்பட்டது' என்று படித்தால் பள்ளிப் பிள்ளைக்கே உறுத்தும். இன்னொரு பக்கம், இந்த ஒலி நெருக்கம் பாடம் நடத்துகிறவருக்கு லாபம். வடிக்காவிட்டால் வெடிக்கும் என்று ஒருமுறை சொன்னால் வகுப்பு மறக்காது. லாபமும் நட்டமும் இரண்டும் உண்டு. நான் லாபத்தின் பக்கம் சாய்கிறேன். வேறு மாதிரி எடைபோடுகிறவர்களுக்கு 'ஆற்றல் நீக்கம்' இரண்டாம் சொல்லாக இருக்கட்டும்.

பொதுவாசகருக்கு எழுதுகிறவர்களுக்கு இன்னும் இரண்டு விவரம், கட்டுரையில் உதவும். ஒன்று, வடிப்பதே ஓர் உந்துதல். வாயு ஒரு பக்கம் பீறிட்டால் நிலை எதிர்ப்பக்கம் தள்ளப்படும், உருளவும் தொடங்கும். அதனால் எதிரெதிர்த் திசையில் இரண்டு வாய்கள் வைத்துச் சமன்செய்வார்கள். அல்லது அந்தத் தள்ளலையே பயன்படுத்திக் கொஞ்சம் கீழே இறக்கிக்கொள்வார்கள். இரண்டு, செயற்கைக்கோளில் மின்கலத்தை வடிப்பது தொட்டியை வடிப்பதைவிடத் தலைவலி. சூரியத் தகடுகள் இருக்கும்வரை வெயில் பட்டதும் மறுபடி மின்னேறும். அந்தத் தொடர்பை அறுக்க வேண்டும். ஆனால் எந்தச் சூழலிலும் அறுபடாதபடி அந்தத் தொடர்பை அமைப்பதுதானே வடிவமைப்பாளரின் பெருமை! பணிக்காலம் முழுக்க அறவே கூடாத ஒன்றை, கடைசி நாளில் கட்டாயம் நடக்கும்படி செய்ய வேண்டும். 2015 பிப்ரவரியில் டிஎம்எஸ்பி-எஃப்13 என்ற அமெரிக்க ராணுவ வானிலைச் செயற்கைக்கோள் வெடித்ததற்கு மின்கல இணைப்புக் கம்பிகளில் ஏற்பட்ட குறுக்குச்சுற்றுதான் காரணம் என்று கண்டார்கள். அதை ஏவியது 1995இல். இருபது ஆண்டு உழைத்த கம்பி.

வடிக்க நினைத்தும் முடியாத நிலை ஒன்று உண்டு. 2012 ஆகஸ்டில் பிரீஸ்-எம் என்ற ரஷ்ய மேல்நிலையின் எஞ்சின், மறுபடி கிளப்பிய சில வினாடியிலேயே நின்றுவிட்டது. டன் கணக்கில் உந்துபொருளோடு அப்படியே சுற்றியது. அக்டோபரில் வெடித்தது. தோல்வியடைந்த நிலைதான் அதிக ஆற்றலோடு இருக்கிறது, அதுதான் கட்டளைக்கும் பணிவதில்லை. தரையிலிருந்து கட்டளை வராவிட்டாலும் தானாக வடித்துக்கொள்ளும் ஏற்பாடு வேண்டும் என்று வற்புறுத்துவது இதனால்தான்.

இதெல்லாம் எதற்கு இவ்வளவு அவசரம் என்று கேட்டிருந்தவருக்கு ஒரு கணக்கு. ஒரு சென்டிமீட்டர் விட்டமுள்ள அலுமினிய உருண்டை ஏறத்தாழ 1.4 கிராம். வினாடிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால் 70,000 ஜூல். 1.4 டன் கார் ஒன்று மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வந்து இடிப்பதும் அதே அளவுதான், ஆனால் இங்கே அத்தனையும் ஒரு சுண்டுவிரல் நுனி அகலத்தில் இறங்குகிறது. ஒரு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட துண்டுகள் பத்து லட்சத்துக்கு மேல் இருக்கும் என்பது ஐரோப்பிய விண்வெளி முகமையின் மதிப்பீடு. பெரும்பாலானவை ராடாரின் கண்ணில் படாத அளவு. 400 கிலோமீட்டர் உயரத்தில் மெல்லிய காற்றே அவற்றை ஓரிரு ஆண்டில் இழுத்துப் போட்டுவிடும். 800 கிலோமீட்டரில் நூற்றாண்டுகள் ஆகும். துண்டுகள் மோதி மேலும் துண்டுகளாகும் தொடர்வினையை டொனால்ட் கெஸ்லரும் பர்ட்டன் கூர்-பலேயும் 1978இலேயே கணக்கிட்டுக் காட்டிவிட்டார்கள்.

மற்றச் சொற்களைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன்.

குப்பையா சிதிலமா? மொத்தத்துக்குக் குப்பை. உடைந்த துண்டுகளுக்குச் சிதறல். 'சிதிலம்' என்றால் பாழடைந்த கட்டடம்தான் கண்ணில் நிற்கிறது. இதில் எனக்கு மேலே சொல்ல ஒன்றுமில்லை.

சுற்றுப்பாதையிலிருந்து கீழே இறக்குவதைச் சொல்லும் 'டீஆர்பிட்'டுக்குப் பாதையிறக்கம். காற்றுமண்டலத்துக்குள் வருவதற்கு மறுநுழைவு ஏற்கெனவே நிலைத்துவிட்டது, விட்டுவிடுவோம்.

ஓய்வுபெற்ற செயற்கைக்கோள்களைத் தள்ளிவைக்கும் 'கிரேவ்யார்ட் ஆர்பிட்'டுக்கு இரண்டு அணி. ஒரு பக்கம் இடுகாட்டுப்பாதை, மறுபக்கம் ஒதுக்குப்பாதை. செயற்கைக்கோள் பூமியின் சுழற்சியோடு ஒத்துச் சுற்றி, வானில் ஒரே இடத்தில் நிற்பது போலத் தெரியும் புவிநிலைப் பாதை 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து பூமிக்கு இறக்கக் கட்டுப்படியாகாது. ஆகவே ஓய்வுபெறும் செயற்கைக்கோளை ஏறக்குறைய 300 கிலோமீட்டர் மேலே தள்ளிவிடுகிறார்கள். மூன்று மாதம் அதை இடத்தில் நிறுத்திவைக்க ஆகும் உந்துபொருள் அதற்குத் தேவைப்படும். அதைக் கடைசி வரை மிச்சம் பிடிப்பது வருமானத்தைப் பார்க்கும் நிறுவனங்களுக்குக் கசக்கும். எக்கோஸ்டார்-7 என்ற செயற்கைக்கோளை 300 கிலோமீட்டர் உயர்த்துவதாக ஒப்புக்கொண்டு 122 கிலோமீட்டரில் விட்டதற்காக டிஷ் நிறுவனத்துக்கு அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 2023 அக்டோபரில் 1,50,000 டாலர் அபராதம் விதித்தது.

இடுகாடு வேண்டாம் என்பேன். அங்கே எதுவும் புதைபடுவதில்லை, எல்லாம் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. வடிக்காமல் அனுப்பினால் அங்கும் வெடிக்கும். 'ஒதுக்குப்பாதை' கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் புவிநிலைப் பாதையில் நாடுகளுக்கு இடம் ஒதுக்குவது என்று தனியே ஒரு பெரிய நடைமுறை இருக்கிறது. 'ஒதுக்கிய பாதை' என்றால் அனுமதி பெற்ற இடமா, ஓய்வுபெற்ற இடமா? ஒரே துறைக்குள் இந்தக் குழப்பம் ஆகாது. கொஞ்சம் மாற்றி 'ஒதுங்குபாதை' என்று வைத்தால் என்ன? வழிவிட்டு ஒதுங்குவது தானே அங்கே நடக்கிறது. ஒதுக்கீட்டின் வாடை அடிக்காது. சிலருக்கு வேறு ஒதுங்குதல் நினைவுக்கு வரும், வரட்டும்.

'சஸ்டெயினபிள்' பற்றி: புதிதாக எதுவும் செய்ய வேண்டாம். 2019இல் ஐ.நா. விண்வெளிக் குழு ஏற்ற 21 நெறிகளும் விண்வெளியின் நீண்டகாலப் பயன்பாட்டைப் பற்றியவை. 'விண்வெளியின் நீடித்த பயன்பாடு' என்றால் வேலை முடிந்தது. 'வளங்குன்றா விண்வெளி' என்பதில் எது வளம், எது குன்றுகிறது என்று விளக்க மறுபடி ஒரு பத்தி வேண்டும்.

மறுப்பு இருந்தால் இந்த வார இறுதிக்குள் எழுதுங்கள். ஆற்றல்வடிப்பு, ஒதுங்குபாதை, பாதையிறக்கம் மூன்றையும் பட்டியலில் ஏற்றிவிடலாம் என்றிருக்கிறேன்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. உந்துபொருளையும் வாயுவையும் வெளியே விடும் அந்தத் திறப்புக்கு என்ன பெயர்? முதலில் 'வடிவாய்' என்றுதான் எழுதினேன், பொருத்தமாகவும் இருந்தது. ஆனால் "ராக்கெட்டை வடிவாய் வடித்தார்கள்" என்றால் ஈழத்து நண்பர்கள் அழகாக என்று படித்துச் சிரிப்பார்கள். 'வடிதிறப்பு' என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன், கொஞ்சம் கரடுமுரடாக இருக்கிறது. யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் தாருங்கள்.

அன்புடன்